கீல் துளையும் எட்டு மழைக்காலமும்

என் கணவருக்கு ஒரு பழக்கம் உண்டு. எது நடந்தாலும், நடந்து முடிந்த அரை நிமிடத்துக்குள் "நான் அப்பவே சொன்னேன்ல" என்பார். பால் பொங்கி அடுப்பை அணைத்தாலும் சரி, மின்சார ரயில் பல்லாவரத்தைத் தாண்டி நடுவழியில் நின்றாலும் சரி, பக்கத்து மனையில் போர்வெல் போட்டு உப்புத் தண்ணீர் வந்தாலும் சரி, அவருக்கு எல்லாமே அப்பவே தெரியும். எப்போது சொன்னீர்கள், யாரிடம் சொன்னீர்கள் என்று கேட்டால் மட்டும் பதில் வராது. பதினெட்டு வருஷத்தில் அவர் நிஜமாகவே முன்கூட்டிச் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: எங்கள் கல்யாணத்தில் இரண்டாம் பந்திக்குப் பாயசம் போதாது என்றார். மூன்றாம் பந்திக்கும் மிஞ்சியது.

இந்தப் பழக்கத்தோடு சண்டை போடுவதுதான் என் பிழைப்பு. நான் பேட்டன்ட் ஏஜென்ட். யாராவது புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தால் அதைச் சட்ட மொழியில் எழுதி, காப்புரிமை கேட்டு விண்ணப்பித்து, அலுவலகம் எழுப்பும் ஆட்சேபங்களுக்குப் பதில் எழுதுவேன். செம்பாக்கத்தில் எங்கள் வீட்டின் இரண்டாவது படுக்கையறைதான் என் ஆபீஸ். பத்து ஆட்சேபக் கடிதம் வந்தால் எட்டில் ஒரே பாட்டுத்தான். 'ஆவணம் ஒன்றில் இது இருக்கிறது, ஆவணம் இரண்டில் அது இருக்கிறது, இரண்டையும் சேர்த்தால் உங்கள் கண்டுபிடிப்பு வந்துவிடும், ஆகவே இது யாருக்கும் எளிதில் தோன்றக்கூடியதே.' விடையைப் பார்த்த பிறகு எந்தக் கணக்கும் சுலபம்தான். ஆனால் அதை அப்படியே பதிலாக எழுதி அனுப்ப முடியாது.

'யாருக்கும்' என்று சொன்னேனே, அந்த ஆள் யார் என்பதற்கும் சட்டம் ஒரு வரையறை வைத்திருக்கிறது. துறையில் தேர்ந்தவர் என்று அவருக்குப் பெயர். அவர் ஒரு கற்பனை மனிதர். அந்தத் துறையில் உலகத்தில் வெளியான எல்லாக் காகிதத்தையும் படித்திருப்பார், எல்லா மெஷினையும் பார்த்திருப்பார். ஆனால் சொந்தமாக ஒரு யோசனை, ஆயுசுக்கும் ஒன்றே ஒன்றுகூட, அவருக்குத் தோன்றியிருக்காது. எதையும் படிக்காமலே எல்லாம் தெரிந்த என் வீட்டுக்காரருக்கு நேர் எதிர். இந்த இரண்டு ஆண்களோடுதான் என் பொழுது போகிறது.

அப்படியிருக்கையில்தான் கேட் பட்டறைக்காரர் வந்தார். ஏரியைச் சுற்றி வயல் வைத்திருந்த குடும்பம். வயலெல்லாம் காலனியாகிவிட்டது. மிச்சமிருந்த ரோட்டோர மனையில் பட்டறை போட்டு கேட், கிரில், ரேம்ப் எல்லாம் செய்துகொண்டிருந்தார். ஐம்பதைத் தாண்டியவர். எங்கள் வீட்டு கேட்டும் அவர் கைவேலைதான் என்பதால் நான் அவரை அண்ணா என்பேன். என் கையில் ஃபைல் இருந்ததாலோ என்னவோ, அவர் அன்றிலிருந்து என்னை மேடம் என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்.

எங்கள் பக்கத்து விசேஷம் ஒன்றைச் சொல்ல வேண்டும். இங்கே ரோடு போடும்போதெல்லாம் பழைய ரோட்டின் மேலேயே போடுவார்கள். ரோடு ஏறிக்கொண்டே போகும். அதற்குப் பயந்து புது வீடு கட்டுகிறவர்கள் வாசலை இரண்டடி உயர்த்திக் கட்டுவார்கள். அப்புறம் ஸ்கூட்டர் ஏறாது. அதற்காக கேட்டுக்கு வெளியே ஓர் இரும்பு ரேம்ப், அதாவது வண்டி ஏறி இறங்கச் சாய்வான தகடு, கீல் போட்டு மாட்டுவார்கள். இவ்வளவு செய்தும் ஐப்பசி வந்தால் ஏரி நிரம்பித் தெருவுக்கு வரும். தண்ணீர் உள்ளே வராமல் இருக்க, கேட் தூண்கள் இரண்டிலும் காடி, அதாவது பலகை செருகும் பள்ளத்தடம், அடித்து அதில் பலகையை இறக்கி அடைப்போம், அல்லது மணல் மூட்டை அடுக்குவோம். ரேம்ப் தன் பாட்டுக்குத் தண்ணீருக்கடியில் கிடக்கும்.

அண்ணா கொண்டுவந்தது ரேம்ப்பும் தடுப்புப் பலகையும் ஒன்றாகவே இருக்கும் ஒரு பொருள். வெயில் நாளில் தரையில் கிடந்து ரேம்ப்பாக இருக்கும். மழை வந்தால் தூக்கி நிமிர்த்தினால் வாசலை அடைக்கும் பலகையாகிவிடும். தகட்டை நிமிர்த்தினால் கீல் இருக்கும் அடிப்பக்கம் இடைவெளி விழுந்து தண்ணீர் ஒழுகுமே என்று கேட்டேன். அதைத்தான் அவர் சரிசெய்திருந்தார். கீலின் துளையை வட்டமாகப் போடாமல் நீளமாகப் போட்டிருந்தார். தகட்டை நிமிர்த்தியதும் அது தன் எடையிலேயே இரண்டு அங்குலம் கீழே சறுக்கி, ரப்பர் வைத்த காடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். பட்டறையில் செய்து காட்டினார். ஒரு டிரம் தண்ணீரை அடித்து ஊற்றியும் உள்பக்கம் சிமென்ட் தரை காய்ந்தே கிடந்தது.

இரண்டு அங்குலம்தான், ஆனால் அந்த இரண்டு அங்குலத்தில்தான் எல்லாம் இருந்தது.

சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் கேட் செய்யும் ஒரு தொழிற்சாலை இதைக் கேள்விப்பட்டு அவரைக் கூப்பிட்டிருந்தது. காப்புரிமையோடு வந்தால் அவர் பெயரில் ஒப்பந்தம் போட்டு, வேலையை மேற்பார்வை பார்க்க அவரையே வைத்துக்கொள்வார்கள். இல்லாவிட்டால் இதைச் செய்ய யாருடைய அனுமதியும் தேவையில்லை, நாங்களே செய்துகொள்வோம் என்று சிரித்துக்கொண்டே சொல்லி அனுப்பியிருந்தார்கள். அண்ணாவுக்கு முதுகு போய்விட்டது. குனிந்து வெல்டிங் அடிக்க இன்னும் எத்தனை வருஷம் முடியும் என்று அவருக்கே தெரியவில்லை. ஆக, அந்தக் காகிதம் வந்தால் அவருக்கு ஒரு வழி உண்டு. வராவிட்டால் அவருடைய பொருள் ஊரெல்லாம் விற்கும், அவர் மட்டும் பட்டறையிலேயே இருப்பார்.

விண்ணப்பித்தோம். காத்திருந்தோம். ஆட்சேபக் கடிதம் வந்தது, அதே பாட்டோடு. ஆவணம் ஒன்று, வெளிநாட்டுக்காரர் ஒருவரின் மடிப்பு ரேம்ப். ஆவணம் இரண்டு, காடியில் இறக்கும் வெள்ளத் தடுப்புப் பலகை. இரண்டையும் சேர்ப்பது எளிதில் தோன்றக்கூடியது. கீல் துளையை நீட்டுவது வெறும் பட்டறை மாற்றம், எந்தத் தொழிலாளியும் செய்யக்கூடியது.

கடிதத்தை மூன்று முறை படித்தேன். மூன்றாவது முறை எனக்கே அது நியாயமாகப் படத் தொடங்கியது. இந்த வேலையில் இருக்கும் ஆபத்து இதுதான். விடை தெரிந்த கண்ணால் படித்துக்கொண்டே இருந்தால், நாமும் எதிர்க்கட்சியாகிவிடுவோம்.

இந்த மாதிரி நேரத்தில் நான் ஒரு காரியம் செய்வேன். கற்பனை மனிதரை விட்டுவிட்டு, அதே துறையில் இருக்கும் நிஜ மனிதர் ஒருவரைத் தேடிப் போவேன். கண்டுபிடிப்பைக் காட்டாமல் பழைய ஆவணங்களின் படத்தை மட்டும் காட்டி, என்ன செய்வீர்கள் என்று கேட்பேன். இது சாட்சியம் ஆகாது, எங்கேயும் தாக்கல் செய்ய முடியாது. என் மனசுக்காகச் செய்வது. ஜெயிக்காத கேஸை ஜெயிக்கும் என்று சொல்லி ஒரு மனுஷனை இழுத்தடிக்க எனக்குப் பிடிக்காது.

திருநீர்மலை ரோட்டில் ஒரு பட்டறை. ஸ்கூட்டரை ஓரமாக நிறுத்திவிட்டு உள்ளே போனேன். இரண்டு படங்களையும் காட்டினேன். ரேம்ப்பையே நிமிர்த்தித் தண்ணீரைத் தடுக்க வேண்டும், ஆனால் நிமிர்த்தினால் கீல் பக்கம் ஒழுகுகிறது, தகடு கொஞ்சம் கீழே இறங்கினால் நன்றாக இருக்கும், என்ன செய்யலாம் என்று கேட்டேன். பட்டறைக்காரர் டீயை ஒரு வாய் குடித்தார்.

"தொளய நீட்டமா போட்டா அதுவே எறங்கி குந்திக்கும். இதுல இன்னா கீது?" என்றார். அப்புறம் சிரித்துக்கொண்டு, "ஆனா அப்படி போட்டு குட்த்தா, கீல் லொடலொடங்குதுன்னு கஸ்டமர் திருப்பி எடுத்தாந்துருவான்" என்றார்.

பின்பாதி என் காதில் சரியாக ஏறவே இல்லை. முதல் பாதியிலேயே என் முகம் தொங்கிவிட்டது. ஒரு வாய் டீ குடிக்கும் நேரம். அவ்வளவுதான் அண்ணாவின் கண்டுபிடிப்பு.

வீட்டுக்கு வந்ததும் அண்ணாவுக்கு போன் போட்டேன். இது நிற்பது கஷ்டம், விட்டுவிடலாமா என்று யோசிக்கச் சொன்னேன். நல்ல வார்த்தையாகத் தேடித் தேடிச் சொன்னேன், எப்படிச் சொன்னாலும் அது கெட்ட செய்திதான். "சரி மேடம், நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார். ஆனால் போனை வைக்கவில்லை. பின்னணியில் கிரைண்டிங் மெஷின் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. கடைசியில் நானே கட் பண்ணினேன்.

பள்ளிக்கூடம் முடிந்து வந்த கணவரிடம் புலம்பினேன். அவர் கணக்கு வாத்தியார். எதிர்பார்த்தபடியே, "நான் அப்பவே நெனச்சேன், இது ரொம்ப சிம்பிளா இருக்கேன்னு" என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. நம் வாசலிலேயே ஆறு வருஷமாக ரேம்ப் கிடக்கிறது, வருஷா வருஷம் நீங்கள்தான் பலகையை இறக்கி மணல் மூட்டை தூக்குகிறீர்கள், ஒரு வருஷமாவது தோன்றியதா என்று கேட்டேன். அவர் பேச்சை மாற்றுவதற்காக, பட்டறைக்காரரிடம் நான் என்ன கேட்டேன் என்று விசாரித்தார். கேட்டதை அப்படியே ஒப்பித்தேன்.

அவர் காபி டம்ளரைக் கீழே வைத்தார். "இப்படி ஒரு கொஸ்டின் பேப்பர் செட் பண்ணா என் கிளாஸ்ல மொத்தப் பேரும் சென்டம்" என்றார். "ரேம்ப்பையே நிமிர்த்தணும்னு நீயே சொல்லிட்ட. தகடு கீழ எறங்கணும்னும் நீயே சொல்லிட்ட. அந்த ஆளுக்கு நீ எதைத்தான் பாக்கி வச்ச?"

பதினைந்து வருஷமாக ஆட்சேபக் கடிதங்களில் நான் தேடித் தேடிப் பிடிக்கும் தப்பு அது. பிரச்சினையைச் சொல்லும்போதே விடையையும் அதற்குள் மடித்து வைத்துவிடுவது. ஊரில் யார் செய்தாலும் கண்டுபிடிக்கிற நான், என் கேள்வியில் நானே அதைச் செய்து, அதை வைத்து ஒரு மனுஷனுக்குத் தீர்ப்பும் சொல்லியிருந்தேன். வெட்கமாக இருந்தது. தப்பைச் சரியாகப் பிடித்ததற்காகக் கணவரை மனசுக்குள் பாராட்டினேன். வாய்விட்டுச் சொல்லவில்லை. சொன்னால் அப்பவே தெரியும் என்பார்.

அடுத்த நாள் வேறு இரண்டு பட்டறைக்குப் போனேன். சேலையூர் பக்கம் ஒன்று, மேடவாக்கம் ரோட்டில் ஒன்று. இந்தத் தடவை அதே இரண்டு படங்களைக் காட்டிவிட்டு, வாசலில் ரேம்ப் இருக்கிறது, மழைக்கு வீட்டுக்குள் தண்ணீர் வருகிறது, என்ன செய்து தருவீர்கள் என்று மட்டும் கேட்டேன். முதல் ஆள் ரேம்ப்பைக் கழற்றி எறிந்துவிட்டு வாசலில் சுவர் எழுப்பச் சொன்னார். வண்டியை எங்கே விடுவது என்றால் தெருவில் விடச் சொன்னார். இரண்டாவது ஆள் வெகுநேரம் படங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு தன் மச்சான் வீட்டை ஜாக்கி வைத்துத் தூக்கும் வேலை செய்வதாகச் சொல்லி அவர் நம்பரைக் கொடுத்தார்.

அந்த நம்பரை வாங்கிக்கொண்டு வெளியே வந்து, ரோட்டோரத்தில் நின்றபடியே அண்ணாவுக்குப் போன் செய்தேன். நேற்று நான் சொன்னது தப்பு, போராடலாம் என்றேன். அவர் ஏன் எதற்கு என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. எப்ப வரணும் மேடம் என்று மட்டும் கேட்டார்.

எழுத்தில் பதில் போட்டோம். நேர்விசாரணைக்குத் தேதி வந்தது. இப்போதெல்லாம் விசாரணை வீடியோவில்தான் நடக்கிறது. அண்ணா இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில், தலைக்கு எண்ணெய் வைத்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். வாயைத் திறக்க வேண்டாம், கேட்டால் மட்டும் பேசுங்கள் என்று அவரிடம் இரண்டு தடவை சொல்லியிருந்தேன். இரண்டு தடவையும் தலையாட்டினார்.

அதிகாரி நிதானமான மனிதர். நான் இருபது நிமிடம் ஆங்கிலத்தில் பேசியதைக் குறுக்கிடாமல் கேட்டார். கடைசியில் ஒரு கேள்வி கேட்டார். நீங்கள் சொல்வதெல்லாம் சரி, ஆனால் உங்கள் ஊரில் கேட் செய்கிறவர் ரேம்ப்பையும் பார்க்கிறார், தடுப்புப் பலகையையும் பார்க்கிறார். தினமும் இரண்டையும் கையில் வைத்திருக்கும் ஒருவருக்கு இரண்டையும் சேர்க்கத் தோன்றாதா? அண்ணா என்னைப் பார்த்தார். என்ன கேட்கிறார் என்று தாழ்ந்த குரலில் தமிழில் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாதோ என்று அடுத்த நொடியே தோன்றியது. அவர் நாற்காலியில் முன்னால் நகர்ந்துவிட்டார்.

"தோணாது சார்" என்றார்.

அதிகாரிக்குத் தமிழ் தெரியும். சொல்லுங்கள் என்றார்.

"எனக்கே தோணல சார். எட்டு வருஷமா இந்த தெருங்களுக்கு ரேம்ப் அடிச்சு குடுக்கறது நான்தான். மழ வந்தா அதே வூட்டுக்கு, அதே கேட்டுக்கு, பலக எறக்க காடி அடிச்சு குடுக்கறதும் நான்தான். ரேம்ப் மேல நின்னுகினுதான் சார் காடிய வெல்டிங் அடிப்பேன். எட்டு மழ. ஒரு தபா கூட தோணல."

எட்டு வருஷம் தோன்றவில்லை என்பதை இத்தனை மாதத்தில் அவர் என்னிடம் சொன்னதே இல்லை. இரண்டையும் அவரே செய்துகொண்டிருந்தார் என்று இப்படி வெளிப்படையாகச் சொல்வது கேஸைக் கெடுக்குமா, காப்பாற்றுமா என்று அந்தக் கணத்தில் எனக்கு விளங்கவில்லை. அதிகாரி, பிறகு எப்படித் தோன்றியது என்று கேட்டார்.

"ஒரு வூட்ல கீல் துரு புடிச்சு தொள நீண்டு போச்சுன்னு ரிப்பேருக்கு கூப்டாங்க. தொள நீண்டா அது ரிப்பேர் சார், நாங்க அடச்சுதான் குடுப்போம். நான் மட்டுமே நூறு கீலு அடச்சிருப்பேன். அன்னிக்கு கழுவறதுக்காக தகட்ட தூக்கி நிறுத்தனேன். தடால்னு எறங்கி குந்திக்கிச்சு. கழுவன தண்ணி கீழ ஒரு சொட்டு போவல."

திருநீர்மலை ரோட்டுப் பட்டறைக்காரர் டீ டம்ளரோடு சொன்ன பின்பாதி அப்போதுதான் எனக்கு உறைத்தது. கீல் லொடலொடவென்று ஆடினால் கஸ்டமர் திருப்பிக் கொண்டுவருவார். அந்தத் தொழிலில் நீண்ட துளை என்றால் பழுது. பார்த்தவுடன் அடைக்க வேண்டிய ஒன்றை வேண்டுமென்றே போட யாருக்குத் தோன்றும்? முதல் நாளே என் காதில் விழுந்ததை நான்தான் கோட்டை விட்டிருந்தேன்.

அதிகாரி, ஒரே கேட்டுக்கு இரண்டையும் தனித்தனியாகச் செய்ததற்கு ஏதாவது ஆதாரம் இருக்கிறதா என்றார். அண்ணா போனை எடுத்தார். அவர் செய்து முடித்த வேலை எல்லாவற்றையும் போட்டோ எடுத்து வைப்பவர், புது கஸ்டமருக்குக் காட்டுவதற்காக. அதில் எங்கள் வீட்டு கேட்டும் இருந்தது; ரேம்ப்பும் காடியும் ஒரே கைவேலை என்பது என் வாசலிலேயே இருந்தும் எனக்கு உறைக்கவில்லை. ஒரு படத்தில் கோடை வெயிலில் புது ரேம்ப், இன்னொன்றில் மழைச்சேற்றில் அதே கேட்டில் புதுக் காடி. பிரமாணப் பத்திரத்தோடு எழுத்தில் தாக்கல் செய்யும்படி அதிகாரி சொல்லிவிட்டு விசாரணையை முடித்தார்.

திரை அணைந்ததும், இதை ஏன் அண்ணா என்னிடம் முன்னாடியே சொல்லவில்லை என்று கேட்டேன். கொஞ்சம் கோபமாகவே கேட்டேன். அவர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"எப்டி மேடம் சொல்றது? எட்டு வருஷம் கண்ணு முன்னாடி கெடந்தது தெரியாத மடையன்னு நெனப்பீங்க. ஆபீசர் கேட்டா, இவனுக்கெல்லாம் எதுக்கு பேட்டன்ட்னு சொல்வாரு. அதான் மறச்சேன்."

உள்ளே போய் அவருக்குக் காபி கலந்து கொண்டுவந்தேன்.

உத்தரவு வர ஒன்றரை மாதம் ஆயிற்று. காப்புரிமை வழங்கப்பட்டது. கணவரிடம் சொன்னேன். நீங்கள் எதிர்பார்ப்பதையே சொன்னார். நான் சிரித்துவிட்டு ஸ்கூட்டரை எடுத்தேன்.

பட்டறையில் அண்ணா ஒரு கேட்டைத் தரையில் கிடத்தி அளவெடுத்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு மெல்ல நிமிர்ந்தார். உத்தரவில் என்ன எழுதியிருக்கிறது என்று தமிழில் படித்துச் சொல்லச் சொன்னார். பக்கம் பக்கமாகச் சட்டம் வேண்டாம் என்று, முக்கியமான ஒரு பத்தியை மட்டும் எடுத்தேன். அதில் அவர் சொன்ன எட்டு வருஷக் கதையும் இருந்தது. காதில் விழுந்தது சரிதானா என்று அவருக்குச் சந்தேகம்.

"மேடம், நான் சொன்னத எழுதிட்டாங்களா? எனக்கு எட்டு வருஷம் தோணலன்னு?"

"எழுதியிருக்காங்க அண்ணா."

அவர் முகம் சுருங்கியது. அந்த வரியை அவருக்கு விரல் வைத்துக் காட்டினேன்.

"அதனாலதான் குடுத்திருக்காங்க" என்றேன்.